கட்டம் போட்ட தாளில் ஒரு ஊடுவழி

நான் பயந்தாங்கொள்ளி. இதைப் பெருமையாகவும் சொல்லவில்லை, வெட்கப்பட்டும் சொல்லவில்லை. சிலருக்குச் சுருட்டை முடி, சிலருக்கு ஓயாத மூக்கடைப்பு, எனக்கு இது. பாறசாலையில் ரயில் ஏறினால், டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே பரிசோதகரைக் கண்டு வியர்ப்பவள் நான். அப்படிப்பட்டவள் சீனாவுக்குப் படிக்கப் போகிறாள் என்று அம்மா சொன்னபோது ஊரில் யாரும் நம்பவில்லை. விமானத்தில் உட்காரும்வரை நானும் நம்பவில்லை.

போனது இரண்டு வருடப் படிப்புக்கு. சீன மொழியும் அந்நாட்டின் இன்றைய சமூகமும் பாடம். வடக்கே ஒரு பெரிய நகரம். குளிர் மூக்குக்குள் ஊசி போல் ஏறும். முதல் மாதம் முழுக்கப் பயந்தேன். உணவுக்கூடத்தில் கை நீட்டிக் காட்டியது பன்றியா மாடா என்று தெரியாமல் பயம், தொனி மாறி வேறெதையோ சொல்லிவிட்டேனோ என்று பயம், விடுதி வாசலில் முகத்தைப் படம் பிடிக்கும் இயந்திரம் என்னை வேறு ஆள் என்று சொல்லிவிடுமோ என்று பயம். ஒரு நாள் அது சொல்லவும் செய்தது. காவலாளி சிரித்துக்கொண்டே கதவைத் திறந்துவிட்டார். நான் அரை மணி நேரம் அறைக்கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சமூகப் பாடம் எடுத்தவர் குட்டையான, சத்தமாகப் பேசும் ஒரு பேராசிரியை. புத்தகத்தைத் திறக்கவே மாட்டார். எங்களைத் தெருவுக்கு அனுப்புவார். மஞ்சள் சட்டை போட்டு உணவு கொண்டுபோகும் ஆட்களிடம், தள்ளுவண்டிக்காரர்களிடம், கிராமத்திலிருந்து வந்து மாடிப்படி துடைக்கும் பெண்களிடம் பேசிவிட்டு வந்து எழுத வேண்டும். கைப்பேசி எல்லாவற்றையும் எழுதித் தருகிறது என்பதால் எங்களுக்கு எழுத்தே வரவில்லை என்பது அவர் குறை. அதனால் கட்டம் போட்ட தாளில், ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்தாக, பேனாவால் எழுத வேண்டும். என் எழுத்தைப் பார்த்துவிட்டு, கலைந்த எறும்பு வரிசை என்று வகுப்பிலேயே சொன்னார்.

ஒருமுறை என் வகுப்புத் தோழி ஒருத்தி, உணவு கொண்டுபோகும் பெண் ஒருவரைப் பற்றி எழுதி, அந்தப் பெண் காவலாளி கண்ணில் படாமல் நுழையும் பின்பக்கக் கேட்டைப் படமும் வரைந்திருந்தாள். பேராசிரியை அழிப்பானை அவள் முன்னால் வைத்தார். "இந்தக் கேட்டை அழி. அவள் நாளைக்கும் இதில் போக வேண்டும்" என்றார். நான் அதைக் குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன். குறிப்பேட்டில் எழுதுவதில் எனக்கு எந்தக் குறையும் இருந்ததில்லை.

இரண்டாம் வருடம் வசந்த விழா, அதாவது சீனப் புத்தாண்டு, விடுமுறைக்கு ஊருக்கு வந்தேன். இனி ஒரு பருவம்தான் பாக்கி. விடுமுறைப் பாடமாகப் பேராசிரியை கொடுத்தது இது: உங்கள் ஊரில் பொருள்களை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோய்ப் பிழைக்கும் ஒருவரைப் பற்றி எழுதுங்கள். ஊரின் வரைபடமும் பெரிய தாளில் வேண்டும். பெயர் போடாதீர்கள். கையால் எழுதி, ஸ்கேன் செய்து அனுப்புங்கள்.

எங்கள் வீடு காரக்கோணத்துக்கும் பனச்சமூட்டுக்கும் நடுவே, கேரளப் பக்கம். அப்பா ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அம்மா அங்கன்வாடி டீச்சர். எங்கள் சமையலறையின் பின்கதவைத் திறந்து ரப்பர் தோட்டத்துக்குள் இறங்கி நூறு எட்டு நடந்தால் தமிழ்நாடு. எங்களுக்கு அது இன்னொரு மாநிலம் என்று தோன்றுவதில்லை. சித்தி வீடு அங்கே, நாங்கள் ஜெபிக்கப் போகும் சபை இங்கே. மீன் வாங்க அங்கே போவோம், மருந்து வாங்க இங்கே வருவோம். மெயின் ரோட்டில் செக்போஸ்ட் உண்டு. அது லாரிக்காரர்களுக்கு. மற்றவர்களுக்கு ஊடுவழிகள், தோட்டங்களுக்கும் மதில்களுக்கும் இடையே ஓடும் ஒற்றையடிப் பாதைகள். குழந்தைகள் அதில்தான் பள்ளிக்கூடம் போகும். பெண்கள் அதில்தான் புல்லுக்கட்டு சுமந்து வருவார்கள்.

யாரைப் பற்றி எழுதுவது என்று நான் யோசிக்கவே இல்லை. எங்கள் வீட்டுக்கு மேலே, சரிவில், ஒரு மாமி இருக்கிறார். சொந்தமில்லை, ஆனாலும் பிறந்ததிலிருந்து எனக்கு மாமி. அவருடைய கணவர் கொத்தனார். சாரம் சரிந்து விழுந்து இடுப்புக்குக் கீழே விளங்காமல் கட்டிலில் கிடக்கிறார். அதன்பிறகு மாமி ஸ்கூட்டர் ஓட்டப் பழகினார். தமிழ்நாட்டுப் பக்கத்து வீடுகளில் ரேஷனில் கிடைக்கும் வெள்ளரிசியைப் பலரும் சாப்பிடுவதில்லை. மாமி அதை வீடுவீடாக வாங்கி, மூட்டையாகக் கட்டி, ஊடுவழியாக இந்தப் பக்கம் கொண்டுவந்து, ஒரு மில்லில் கொடுப்பார். இது குற்றம். இது குற்றம் என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

கேட்டபோது மாமி விழுந்து விழுந்து சிரித்தார்.

"சைனாக்காரனுக்கு எனக்க கத எதுக்கு மக்கா?"

"படிப்புக்காக்கும் மாமி. பேரு போடமாட்டேன்."

"போட்டா என்ன, போடாட்டி என்ன? நம்ம நாட்டுல எவனுக்கு அது வாசிக்கத் தெரியும்? நீ எழுது. நான் ஒண்ணுவிடாம சொல்லித் தாறேன்."

சொன்னார். வெளுப்பாங்காலம் ஐந்து மணிக்கு இறங்குவது, கல்லறைத் தோட்டத்து மதிலை ஒட்டி வருவது, மூன்று மூட்டைக்கு மேல் வைத்தால் முன்சக்கரம் தூக்குவது, மழைக்காலத்தில் ரப்பர் இலையில் சறுக்குவது, மில்லின் பின்வாசலில் இரண்டு முறை ஹாரன் அடிப்பது. "நமக்குச் சம்பாச்சோறு இல்லாம எறங்குமா? வெள்ளரிசிய ஆரு தின்னுவா? வெறுத கெடந்து பூச்சி புடிக்கிறத நான் கொண்டு போறேன். அதுல என்ன களவு உண்டு?" என்று கேட்டார். நான் ஆமாம் ஆமாம் என்று எழுதிக்கொண்டேன். உள்ளே கட்டிலிலிருந்து அவருடைய கணவரும் சிரித்தது கேட்டது.

மூன்று நாள் உட்கார்ந்து மூன்று தாள் எழுதினேன். பேராசிரியை சொன்னபடி மாமியின் பெயரைப் போடவில்லை, வயதை மாற்றினேன், கணவரின் தொழிலை மாற்றினேன். பிறகு பெரிய சார்ட் தாளில் ஊரை வரைந்தேன். சபை, ரப்பர் தோட்டம், எல்லைக்கல், செக்போஸ்ட், சந்தை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சீன எழுத்து. ஊடுவழிகளைப் புள்ளிக்கோடாகப் போட்டேன். மாமியின் வழிக்கு மட்டும் சிவப்பு அம்புக்குறி. அழகாக வந்தது. தோழியின் கேட்டு நினைவுக்கு வந்ததா என்றால், இல்லை. அது கேட்டு, இது நாங்கள் நடக்கிற வழி. இங்கே பிறந்து வளர்ந்தவளுக்கு இதில் மறைக்க ஏதோ இருக்கிறது என்று தோன்றவே இல்லை. வேறு ஊர்க்காரி யாராவது வரைந்திருந்தால் யோசித்திருப்பாள்.

சார்ட் தாள் கைப்பேசிப் படத்தில் சரியாக விழவில்லை. அதனால் பனச்சமூட்டில் போட்டோஸ்டாட் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரப் பெண் தாளை விரித்து, "இதென்ன மக்கா, தையல் டிசைனா?" என்று கேட்டாள். சிரித்தோம். இரண்டு துண்டாக ஸ்கேன் செய்தாள். என் பின்னால் ரீசார்ஜ் செய்ய ஒருவர் நின்றிருந்தார். அவர் கைப்பேசியை உயர்த்திப் பிடித்திருந்ததை நான் பார்த்தேன். சிக்னல் தேடுகிறார் என்று நினைத்தேன்.

அன்று மாலை அப்பா கைப்பேசியைக் கண்ணுக்கு அருகில் வைத்தும் தூர வைத்தும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் நீட்டினார். என் வரைபடம். எல்லைக்கல்லைச் சுற்றி யாரோ சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள். கீழே மலையாளத்தில், 'அதிர்த்தியில் சைனீஸ் மேப். ஆரு வரச்சு? எந்தினு?' என்று இருந்தது. அதிர்த்தி என்றால் எல்லை; யார் வரைந்தது, எதற்கு என்று கேட்டிருந்தது.

"இது ஒனக்க எழுத்துதானே?" என்றார் அப்பா.

எங்கள் எல்லை பனச்சமூட்டில் முடிந்துபோகும் எல்லை. ஆனால் எல்லை, சீன எழுத்து, அம்புக்குறி என்று மூன்றையும் ஒரே தாளில் பார்க்கும் ஆளுக்கு அது இமயமலை வரை போகும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ராத்திரிக்குள் அந்தப் படம் எட்டுப் பத்து பேரிடமிருந்து எங்களுக்கே திரும்பி வந்தது. நெய்யாற்றின்கரையிலிருந்து அப்பாவின் பழைய நண்பர் கூப்பிட்டு, "உங்க பக்கம் எவனோ சாரன் புடிபட்டானாமே?" என்று விசாரித்தார். சாரன் என்றால் ஒற்றன். அப்பா தெரியாது என்றார். அப்பா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்முறை.

அம்மா ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் ஜெப விண்ணப்பம் எழுதிக் கொடுத்தாள். எங்கள் சபையில் அந்தத் துண்டுக் காகிதங்களை ஐயர், அதாவது போதகர், உரக்க வாசித்து ஜெபிப்பது வழக்கம். அம்மா மிகவும் கவனமாகப் பெயர் போடாமல், 'தூர தேசத்தில் சீன பாஷை படிக்கும் மகளுக்கு வந்திருக்கும் கலக்கம் நீங்க' என்று எழுதியிருந்தாள். சபையில் சீன பாஷை படிக்கும் மகள் வேறு எத்தனை பேர் உண்டு? எல்லாத் தலையும் ஒன்றுபோல எங்கள் பெஞ்சுக்குத் திரும்பியது. நான் பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன். வேறு நாளாக இருந்தால் அம்மாவை வாரம் முழுக்கக் கிண்டல் செய்திருப்பேன்.

மறுநாள் காலை போலீஸ் ஸ்டேஷனிலிருந்து அழைப்பு வந்தது. வரைந்த படம், எழுதிய தாள்கள், பாஸ்போர்ட் மூன்றையும் கொண்டுவர வேண்டும். நான் திரும்பிப் போக ஒன்பது நாள் இருந்தது. பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டால் படிப்பு போயிற்று. இரண்டு வருடம், தொனி தொனியாக, கட்டம் கட்டமாகச் சேர்த்தது எல்லாம் போயிற்று. அது மட்டுமில்லை. என் பெயர் பக்கத்தில் ஒரு வார்த்தை ஒட்டிக்கொள்ளும், அது என்றைக்கும் போகாது. அப்பாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போகும்போது, வண்டி எங்காவது பஞ்சராகாதா என்று வேண்டிக்கொண்டே போனேன்.

அப்பாவை வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். உள்ளே ஒரு அதிகாரி, ஒரு பெண் போலீஸ். மேஜையில் என் பாஸ்போர்ட், அதன்மேல் கண்ணாடி உருண்டை. அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். அதுவே எனக்கு இன்னும் பயமாக இருந்தது. எந்தக் கல்லூரி, யார் செலவு, யார் வரையச் சொன்னது, எப்போது அனுப்ப வேண்டும், அனுப்பியாயிற்றா. இன்னும் அனுப்பவில்லை என்றேன். பெண் போலீஸ் எங்கள் பக்கத்துக்காரி. "பேடிக்காத, கேட்டியா? உள்ளத உள்ளபடி சொல்லு. ஒண்ணும் வராது" என்றாள்.

பிறகு அதிகாரி மூன்று தாள்களையும் என் பக்கம் தள்ளினார். "வாயிச்சோ. ஓரோ வரியாயிட்டு அர்த்தம் பறஞ்சோ." ஒவ்வொரு வரியாக வாசித்து அர்த்தம் சொல்ல வேண்டும்.

முதல் தாள் பிரச்சினையில்லை. எங்கள் ஊர், மழை, ரப்பர், இரண்டு பாஷை. சீனத்தில் ஒரு வரி வாசிப்பேன், மலையாளத்தில் சொல்வேன். பெண் போலீஸ் ஒரு பெரிய நோட்டில் எழுதினாள். என் குரல் மெல்ல மெல்லச் சரியானது. அதிகாரி தலையாட்டினார். ஒரு கட்டத்தில், கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது சொல்ல, எனக்கு உள்ளூரப் பெருமையாகக்கூட இருந்தது. எங்கள் ஊரில் உட்கார்ந்து நான் சீனம் வாசித்துப் பொருள் சொல்கிறேன், போலீஸ் எழுதிக்கொள்கிறது.

இரண்டாம் தாளைத் திருப்பினேன். முதல் வரியே மாமி.

நிறுத்திவிட்டேன். அதுவரை, சத்தியமாக, மாமி என் நினைவிலேயே இல்லை. மூன்று நாளாக நான் எனக்காக மட்டுமே பயந்துகொண்டிருந்தேன்.

"எந்தா நிறுத்தியது?" என்றார் அதிகாரி.

அந்த அறையில் சீனம் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அந்தத் தாலுகாவிலேயே அநேகமாக நான் ஒருத்திதான். அரிசி என்ற இடத்தில் ரப்பர் ஷீட் என்று சொல்லியிருக்கலாம். ஐந்து மணிக்குப் பதில் பத்து மணி, ஊடுவழிக்குப் பதில் மெயின் ரோடு. அம்புக்குறியைக் குழந்தைகள் பள்ளிக்கூடம் போகும் வழி என்று சொல்லியிருந்தால் அது பொய்கூட ஆகாது. எல்லாம் ஒரு நொடியில் தோன்றியது. கூடவே மேஜையில் கிடந்த அதிகாரியின் கைப்பேசியும் கண்ணில் பட்டது. சீனாவில் தினமும் செய்வேன், கேமராவைத் தாளின்மேல் பிடித்தால் போதும், திரையில் அர்த்தம் வந்து நிற்கும். இவர்களும் பிடிப்பார்கள். அரிசி என்று வரும். அப்புறம் நான் சொன்ன ஒரு வார்த்தையையும் நம்பமாட்டார்கள். பாஸ்போர்ட் அந்தக் கண்ணாடி உருண்டைக்கு அடியிலேயே இருந்துவிடும்.

வாசித்தேன். வரிவரியாகச் சொன்னேன். கல்லறைத் தோட்டத்து மதில், மூன்று மூட்டை, மில்லின் பின்வாசல், இரண்டு ஹாரன். எழுதியதைவிட நன்றாகச் சொன்னேன் என்பதுதான் இன்றும் எனக்கு ஆறாத விஷயம். சீனத்தில் தடுமாறி எழுதிய இடத்தையெல்லாம் மலையாளத்தில் தெளிவாக்கிக் கொடுத்தேன். இது யார் என்று அவர்கள் கேட்கவில்லை. வரைபடம் மேஜையிலேயே விரித்துக் கிடந்தது. அம்புக்குறி ஒரு வீட்டில் தொடங்கியது.

கடைசி வரி முடிந்ததும் அதிகாரி கைப்பேசியை எடுத்துத் தாளின்மேல் பிடித்தார். அவர் திரையைப் பார்த்தார், நெற்றியைச் சுருக்கினார், பெண் போலீஸிடம் காட்டினார். இருவரும் சிரித்தார்கள். என்னிடமும் காட்டினார்கள். எருமை, கல்யாணம், வானம், எட்டு, கீழே இன்னொரு எருமை. மற்ற தாள்களிலும் பிடித்துப் பார்த்தார்கள், ஒரு சொல்லும் தேறவில்லை. "குட்டியுடெ கையெழுத்து மோசமாணல்லோ" என்றார் அதிகாரி நல்ல மனசோடு. நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருக்கப் பயமாக இருந்தது.

கண்ணாடி உருண்டையை நகர்த்திப் பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்தார். தாள்களும் வரைபடமும் அங்கேயே இருக்கட்டும் என்றார். இனிமேல் இப்படிப் படமெல்லாம் வரையக்கூடாது, நன்றாகப் படிக்க வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்.

வெளியே அப்பா எழுந்து நின்றார். "என்ன கேட்டாவ?"

"படத்தப் பத்தி" என்றேன்.

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல."

அதற்கப்புறம் நான்கு நாள் ஒன்றும் நடக்கவில்லை. நான்கு நாளும் மாமியிடம் சொல்லியிருக்கலாம். இருபது எட்டு ஏறினால் அவர் வீடு. இரண்டு முறை கேட்டுவரை போனேன். முதல்முறை மாமி முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். "என்ன மக்கா, போலீசுகாரன் ஒண்ணும் செய்யல்லியே? நான் அண்ணைக்கி மொத்தம் ஜெபமாக்கும்" என்றார். "படத்தப் பத்தி மட்டும் கேட்டாவ மாமி" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். இரண்டாம் முறை கேட்டைத் திறக்காமலே திரும்பினேன். சொன்னால் மாமி நிறுத்திவிடுவார், நிறுத்தினால் நான் மாமியை எச்சரித்தேன் என்று போலீஸுக்குத் தெரிந்துவிடும், மறுபடியும் கூப்பிடுவார்கள். அப்படித்தான் கணக்குப் போட்டேன். தினமும் விடியும்போது மேலே ஸ்கூட்டர் உதைக்கும் சத்தம் கேட்கும். போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு, அது மில்லுக்குப் போய்த் திரும்பிவரும் சத்தம் கேட்கும்வரை கிடப்பேன்.

ஐந்தாம் நாள் திரும்பிவரும் சத்தம் கேட்கவில்லை. கல்லறைத் தோட்டத்து மதில் பக்கம் ஜீப் நின்றதாம். ஸ்கூட்டரும் போயிற்று, மூட்டைகளும் போயின, மாமியின் பேரில் கேஸும் ஆயிற்று.

மாலையில் மாமி எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டேன். தெரிந்துவிட்டது, இதோ என்னைக் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். அம்மா கொடுத்த காப்பியைக் குடிக்காமல், உரத்த குரலில் அழுதுகொண்டே பேசினார்.

"எவனோ ஒற்று குடுத்திருக்கான் அக்கா. சும்மா இல்ல. நேரம் தெரிஞ்சு, வழி தெரிஞ்சு நிக்கியானுவ. எத்தன மூட்டைன்னுகூட தெரியும். வீட்டுக்குள்ள உள்ள ஆளு சொல்லாம இது நடக்குமா?"

மாமி சந்தேகப்பட்டது தன் கொழுந்தனை. கணவரின் தம்பி, அடுத்த வீடு, ஆட்டோ ஓட்டுகிறவர். மதில் கட்டுவதில் இரண்டு வீட்டுக்கும் கொஞ்சநாளாகப் பிணக்கு. ஆனாலும் அவர் ஒருநாள் தவறாமல் காலையில் வந்து, அண்ணனைக் கட்டிலிலிருந்து தூக்கி, குளிமுறியில் நாற்காலியில் உட்கார வைத்துக் குளிப்பாட்டிவிட்டுத்தான் ஆட்டோ எடுப்பார். அன்றைக்கு மாமி அவரை வாசலில் நிறுத்தி, ஊர் கேட்க, வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் துரத்தியிருந்தார்.

அம்மா மெல்லச் சொன்னாள். "பிள்ளைக்க படத்துல ஒனக்க வழி உண்டுதானே? அதப் பாத்து..."

நான் கதவில் காதை வைத்தேன்.

"படத்துல வழி மட்டும்தானே உண்டு. மணி உண்டா, மூட்டை உண்டா? எழுதினது மொத்தம் சைனா பாஷ. அது எவனுக்கு மனசிலாவும்? பிள்ளைய சொல்லாதுங்க. அது பாவம், பேடிச்சு கெடக்கு" என்றார் மாமி.

கதவுக்குப் பின்னால் நின்று முழுவதும் கேட்டேன். வெளியே வரவில்லை. நான்கு நாள் கழித்து விமானம் ஏறினேன். குடியேற்றச் சோதனை மேஜையில் பாஸ்போர்ட்டை நீட்டியபோது முத்திரை விழும் சத்தம் கேட்கும்வரை மாமியைப் பற்றி நினைக்கவில்லை. கேட்ட பிறகு வேறெதையும் நினைக்க முடியவில்லை. பேராசிரியைக்கு வேறொரு கட்டுரை எழுதினேன், மீன் விற்கும் ஒரு மனிதரைப் பற்றி, முழுக்க இட்டுக்கட்டி, வரைபடத்தில் கடலும் ஒரு ரோடும் மட்டும். நல்ல மதிப்பெண் கிடைத்தது.

படிப்பை முடித்து இப்போது திருவனந்தபுரத்தில் மொழிபெயர்ப்பாளராக வேலை. சீனத்திலிருந்து வரும் இயந்திரக் கையேடுகளைப் பொருள் மாற்றிக் கொடுக்கிறேன். ஒரு சொல்லுக்குப் பதில் இன்னொரு சொல்லைப் போட்டால் யார் கை எந்தச் சக்கரத்தில் மாட்டுமோ என்று பயந்து பயந்துதான் செய்கிறேன். மேலாளர் என்னை ரொம்பவும் நம்பிக்கையானவள் என்கிறார்.

போன கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போயிருந்தேன். மாமிக்குக் கேக் கொண்டுபோய்க் கொடுக்க அம்மா அனுப்பினாள். மாமி இளைத்திருந்தார். இப்போது முந்திரி ஆலையில் வேலை. கணவரைத் தூக்கித் தூக்கித் தோள்பட்டை இறங்கிவிட்டது என்றார். ஐயர் வந்து பேசினாராம், பண்டிகைக் காலம், கொழுந்தனைக் கூப்பிட்டு ஒப்புரவாகச் சொன்னாராம். கொழுந்தனும் வேதபுத்தகத்தின்மேல் கை வைத்துச் சத்தியம் செய்யத் தயார் என்றாராம்.

"எனக்கும் மடுத்துச் சலிச்சுப் போச்சு மக்கா. சில நேரம் அவனா இருக்காதோன்னு தோணும். நீ படிச்ச பிள்ளை. நீ சொல்லு. அவன் இல்லாம வேற ஆரு?"

கட்டிலில் கிடந்தவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் இனி வராது என்று எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவும் செய்தேன். கேக்குத் தட்டு இன்னும் என் கையில்தான் இருந்தது.

"அவருதான் மாமி. வேற ஆரும் இல்ல" என்றேன்.

மாமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "அப்ப அவன் இங்க வரண்டாம்" என்றார். கட்டிலில் கிடந்தவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவரை இன்னும் குளிப்பாட்டியிருக்கவில்லை.

"நீ கால்மாட்டுப் பக்கம் பிடி மக்கா. ஒருத்தியா எனக்குத் தூக்க ஒக்காது" என்றார் மாமி.

தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பிடித்தேன்.